ஆறு வண்டிகளில் ரூபிகான் ட்ரெயில்: லிஃப்ட்டுக்கும் டயருக்கும் முன்னால் யோசிக்க வேண்டியவை

நீங்கள் கேட்டது இதுதான். பே ஏரியாவிலிருந்து ஆறு வண்டிகள். பெரியவர்கள் பன்னிரண்டு பேர், குழந்தைகள் இரண்டு பேர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சனி, ஞாயிறில் கலிஃபோர்னியா மலைகளில் பாறைகள் மேல் ஏறிப்போகும் ரூபிகான் ட்ரெயிலை லூன் லேக்கில் தொடங்கி டாஹோ ஏரிப் பக்கம் முடிக்க வேண்டும். கையில் இருப்பவை ஜீப் ரேங்லரில் ரூபிகான் (வழியின் பெயரேதான் அந்த மாடலுக்கும்) இரண்டு, ஸ்போர்ட் மாடல் இரண்டு, டொயோட்டா ஃபோர்ரன்னர் ஒன்று, டொயோட்டா டகோமா ஒன்று. எத்தனை அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது), எத்தனை அங்குல டயர் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, "நடுவில் ஒரு வண்டி நின்றுவிட்டால் மற்ற ஐந்து பேரும் என்ன செய்வது" என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். டயர் விஷயம் போகிற வழியில் வரும்.

முதலில் என்னைப் பற்றி. நான் மெக்கானிக் இல்லை. பதினொரு வருடமாக சியரா நெவாடா மலைகளில் ஜீப் ஓட்டுகிறேன். ரூபிகானில் மட்டும் ஒன்பது முறை போயிருக்கிறேன், அதில் ஐந்து முறை கூட்டத்தின் கடைசி வண்டி என்னுடையது. முன்னால் போகிறவர்கள் எங்கே மாட்டுகிறார்கள், எதை உடைக்கிறார்கள் என்பதையெல்லாம் கடைசி வண்டிக்காரர்தான் முழுதாகப் பார்க்கிறார். என் கைப்பழக்கம் எல்லாம் முன்னும் பின்னும் நேர் ஆக்ஸில் உள்ள ஜீப்களில்தான். ஃபோர்ரன்னர், டகோமா போல முன் சக்கரங்கள் தனித்தனியாக அசைகிற வண்டிகள் இந்த வழியைக் கடப்பதைப் பார்த்திருக்கிறேன், ஓட்டியதில்லை. அந்த இரண்டு நண்பர்களும் அதே வண்டியில் இங்கே போய்வந்த ஒருவரிடம் தனியாகக் கேட்டுவிடுவது நல்லது.

இனி கணக்கு. ரூபிகான் மொத்தம் 22 மைல், அதில் கடினமான பகுதி சுமார் 12 மைல். 12 மைல்தானே, ஒரு நாளில் முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், முதல் முறை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கடினமான பாறைப் படியை ஒரு வண்டி கடக்க எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிப் பார்த்து, வழி சொல்லி, தவறினால் பின்வாங்கி மறுபடி ஏறும் நேரமும் அதில் அடக்கம். ஆறு வண்டிக்கு 48 நிமிடம். இப்படிப் பத்து இடம் வந்தால் எட்டு மணி நேரம் அங்கேயே போய்விடும். எதிரே வருகிற கூட்டத்துக்கு ஒதுங்கி நிற்பது, சாப்பாடு, குழந்தைகளின் அவசரங்கள், ஒரு சின்னப் பழுது என்று மீதியும் சேர்ந்துவிடும். ஓட்டுநர்களின் திறமையைவிட வண்டிகளின் எண்ணிக்கைதான் பயணத்தின் நீளத்தை முடிவு செய்கிறது. புதியவர்கள் நிறைந்த ஆறு வண்டிக்கு இரண்டு நாள் போதாது. மூன்று நாள் வையுங்கள். முதல் இரவு ஸ்பைடர் லேக் அல்லது பக் ஐலண்ட் ஏரிப் பக்கம், இரண்டாம் இரவு ரூபிகான் ஸ்பிரிங்ஸ், மூன்றாம் நாள் காலையில் கேடிலாக் ஹில் ஏறி வெளியே. தினமும் மாலை நான்கு மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்து எட்டும் தூரத்தில் உள்ள முகாமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

நான்கு மணி என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் நான்காவது பயணத்தில் நாங்கள் ஏழு வண்டி, போட்டிருந்த திட்டம் இரண்டு நாள். ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு கேடிலாக் ஹில் அடிவாரத்தில் நின்றுகொண்டு, திங்கள் காலை எல்லாருக்கும் அலுவலகம் இருக்கிறது என்பதற்காக ஏற ஆரம்பித்தோம். அந்த ஏற்றம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், வளைவுகளில் பெரிய பாறைப் படிகள். மூன்றாவது வண்டியை ஓட்டிய நண்பர் சோர்ந்துபோயிருந்தார். முன் சக்கரம் இரண்டு பாறைக்கு நடுவே செருகி நின்றபோது, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டார். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராட் வில்லாக வளைந்தது. இரண்டு முன் சக்கரமும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. பின்னால் நான்கு வண்டி, ஒதுங்க இடமில்லை. அன்றிரவு பதினாறு பேர் சாய்ந்து நின்ற வண்டிகளுக்குள் உட்கார்ந்தபடியே தூங்கினோம். ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் மலையில் இரவு குளிர் எலும்பைத் தொட்டது. காலையில் இரண்டு வண்டிகளின் பேட்டரிகளை வரிசையாக இணைத்து, கொண்டுவந்திருந்த வெல்டிங் ராடால், நிமிர்த்திய டை ராடின் மேல் ஒரு இரும்புப் பட்டையை ஒட்டி, பகல் பதினொரு மணிக்கு மேலே ஏறினோம். அந்த நண்பர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை. வெளிச்சம் போகிற நேரத்தில் ஏற ஒப்புக்கொண்ட எங்கள் எல்லாருடைய தவறு அது.

வண்டிகளுக்கு வருகிறேன். ஜீப் கூட்டப் பயணங்கள் நடத்தும் ஜீப் ஜம்போரிக்காரர்கள் 1 முதல் 10 வரை வைத்திருக்கும் கடின அளவில் ரூபிகானுக்கு 10 கொடுக்கிறார்கள். உங்கள் இரண்டு ரூபிகான் மாடல்களும் கடையிலிருந்து வந்த நிலையிலேயே, 33 அங்குல டயரோடு, வெளியே நின்று வழிகாட்டும் நல்ல ஸ்பாட்டர் இருந்தால் போய்விடும். இதில் எனக்குச் சந்தேகமில்லை, கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணம் லிஃப்ட் இல்லை, கியர். அந்த மாடலின் டிரான்ஸ்பர் கேஸில், வண்டியை மெதுவாகவும் பலமாகவும் ஊர வைக்கும் லோ ரேஞ்ச் 4:1, ஸ்போர்ட்டில் 2.72:1. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் மொத்த கிரால் ரேஷியோ (முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றும் என்ற எண்) ரூபிகானுக்கு ஏறத்தாழ 77, ஸ்போர்ட்டுக்கு 44. அந்த வித்தியாசத்தை உங்கள் பிரேக் கால் உணரும். 77 உள்ள வண்டி பாறையிலிருந்து தானாக ஊர்ந்து இறங்கும், 44 உள்ளதை நீங்கள் பிரேக்கில் பிடித்துப் பிடித்து இறக்க வேண்டும். அதோடு ரூபிகான் மாடலில் முன்னும் பின்னும் லாக்கர் (இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி பூட்டுவது) இருக்கிறது.

ஸ்போர்ட் இரண்டும்தான் உங்கள் கவலை. லாக்கர் இல்லை, டயரும் சின்னது. 33 அங்குல டயர், பின் ஆக்ஸிலில் லாக்கர், இரண்டு பக்கமும் வண்டிச் சட்டத்தோடு சேர்த்து முடுக்கிய உறுதியான ராக் ஸ்லைடர் (கதவுக்குக் கீழே பாறையைத் தாங்கும் இரும்புக் குழாய்) ஆகிய மூன்றும் இல்லாமல் அவற்றைக் கூட்டிப்போக வேண்டாம் என்பேன். படி போலத் தோன்றும் அலங்காரக் குழாய்கள் ஸ்லைடர் ஆகாது, வண்டியின் முழு எடையும் ஒரு பாறைமேல் உட்காரும்போது அவை மடங்கி கதவையும் சேர்த்துக் கெடுக்கும். 35 அங்குலம் இல்லாமல் போகவே கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, பெரிய டயர் வேலையை எளிதாக்கும். ஆனால் ஆக்ஸிலையும் பிரேக்கையும் கவனிக்காமல் டயரை மட்டும் பெரிதாக்கினால் பாரம் அத்தனையும் ஆக்ஸிலுக்குப் போய்ச் சேர்கிறது. லிஃப்ட்டைப் பொறுத்தவரை, டயர் உரசாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். உயரம் கூடினால் சாய்வில் கவிழும் பயமும் கூடும். கூரைமேல் கூடாரம் வைத்திருக்கும் நண்பரிடம் அதை வீட்டில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கனமான சாமான் எல்லாம் கீழே, கட்டி வைத்து.

டயரில் காற்றைக் குறைப்பது பணம் செலவில்லாத மிகப் பெரிய மாற்றம். தார்ச்சாலையில் 35 அல்லது 37 பிஎஸ்ஐ வைத்திருப்பதை, பாறை தொடங்கும் முன் 12 முதல் 15 வரை இறக்குங்கள். டயர் பாறையைக் கைபோல் பிடிக்கும், வண்டிக்குள் குலுக்கலும் பாதியாகும். எந்த எண் சரி என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு, வண்டியின் எடை, டயரின் பக்கச்சுவர் இவற்றைப் பொறுத்து மாறும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் சக்கரம் இல்லாதவர்கள் பத்துக்குக் கீழே போகக் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்ப நிரப்பக் கூட்டத்தில் இரண்டு கம்ப்ரசராவது இருக்கட்டும், டாஹோ பக்கம் நெடுஞ்சாலை 89-ல் ஏறும் முன் அவசியம் நிரப்ப வேண்டும். பெட்ரோலை ஜார்ஜ்டவுனில் முழுக்க நிரப்புங்கள், அதற்கப்புறம் மலையில் நம்பக்கூடிய இடம் எதுவும் இல்லை. மைல் கணக்கில் எரிபொருளைக் கணக்கிடாதீர்கள், லோ ரேஞ்சில் நாள் முழுக்க எஞ்சின் ஓடுவதால் மணிக்கணக்கில்தான் அது போகும்.

வண்டிகளின் வரிசை முக்கியம். அனுபவசாலி முதலில், அடுத்த அனுபவசாலி கருவிகளோடும், கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சோடும் கடைசியில். ஸ்போர்ட் இரண்டையும் இரண்டாவது, நான்காவது இடத்தில் வையுங்கள், முன்னும் பின்னும் இழுக்க ஒரு வலுவான வண்டி இருக்கும். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி தெரியாவிட்டால் நின்றுவிடுவது ஒவ்வொருவருடைய பொறுப்பு. இந்த ஒரு விதியை எல்லாரும் மதித்தாலே யாரும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்பாட்டர் விஷயத்தில் நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்பாட்டர் வண்டியைப் பார்த்து நிற்பதால் அவருடைய இடது ஓட்டுநருக்கு வலது. அதனால் "டிரைவர் பக்கம், பாசஞ்சர் பக்கம்" என்று சொல்லும் வழக்கம் இங்கே வந்தது. ஆனால் இந்தியாவில் ஓட்டப் பழகியவர்களுக்குப் பதற்றம் வரும் நொடியில் டிரைவர் பக்கம் என்றால் மனம் வலது பக்கம் போகிறது. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் இந்த வழியில் உள்ள லிட்டில் ஸ்லூயிஸ் என்ற இடத்தில் சரியான சொல்லுக்குத் தவறான பக்கம் திருப்பி, பாறையில் கதவைத் தேய்த்துக்கொண்டார். நாங்கள் இப்போது வாயால் பக்கம் சொல்வதையே விட்டுவிட்டோம். ஸ்பாட்டர் இரண்டு கையையும் நீட்டி எந்தப் பக்கம் காட்டுகிறாரோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். மூடிய கை என்றால் நிறுத்து. ஒரு வண்டிக்கு ஒரே ஒரு ஸ்பாட்டர். மற்ற பதின்மூன்று பேரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் "நிறுத்து" என்ற ஒரு சொல்லை மட்டும் குழந்தை உட்பட யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். ஸ்பாட்டர் ஒருபோதும் வண்டிக்கும் பாறைக்கும் நடுவிலோ, வண்டி சரிந்தால் விழும் கீழ்ப்பக்கத்திலோ நிற்கக் கூடாது.

ஓட்டும் முறையில் இரண்டு மூன்று மட்டும். பாறையை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டுத் தாண்ட நினைக்காதீர்கள், சக்கரத்தைப் பாறைமேல் ஏற்றுங்கள். நடுவே விட்டால், ஆக்ஸிலில் கீழே தொங்கும் கியர் பெட்டியான டிஃப் போய் இடிக்கும். கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்குள் மடக்கிப் பிடிக்காதீர்கள், டயர் பாறையில் உதைத்து ஸ்டீயரிங் சுழலும்போது விரல் முறியும். வண்டி குதித்துக் குதித்து ஏற ஆரம்பித்தால் உடனே காலை எடுங்கள். காற்றில் சுழலும் டயர் சட்டென்று பாறையைப் பிடிக்கிற அந்த நொடியில்தான் ஆக்ஸில் ஷாஃப்ட் உடைகிறது.

இழுத்து மீட்கும் வேலைதான் இந்த விளையாட்டில் உயிர் போகிற இடம். இதில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் எந்தக் காரணத்துக்கும் கயிறு கட்டாதீர்கள். இழுவிசையில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டு போலக் கண்ணாடியைத் துளைத்து வரும், இப்படி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். சட்டத்தோடு இணைந்த, எடை குறித்த கொக்கிகள் முன்னும் பின்னும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கயிறு மாட்டும் முக்கால் அங்குல இரும்பு வளையம் (ஷாக்கிள்), 4¾ டன் என்று பொறித்தது, வண்டிக்கு இரண்டு. வின்ச் சாமானோடு சேர்த்த வண்டி எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும், உங்கள் ஜீப்களுக்கு 9,000 முதல் 9,500 பவுண்ட். அந்த எண் டிரம்மில் கயிறு ஒரே அடுக்காக இருக்கும்போதுதான் பொருந்தும், அதற்கு மேல் அடுக்குகள் மீதமிருந்தால் இழுக்கும் பலம் குறையும். கயிற்றை மடக்கி இழுக்க உதவும் கப்பி (ஸ்னாட்ச் பிளாக்) ஒன்று வைத்திருந்தால் பலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கயிறு விறைப்பாக இருக்கும்போது, அதன் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். ஆறு வண்டிக்கு இரண்டு வின்ச் போதும், ஒன்று முதல் வண்டியில், ஒன்று கடைசியில்.

சரி, நீங்கள் கேட்டபடி ஒரு வண்டி நின்றேவிட்டால்? எது உடைகிறது என்பதை அனுபவம் ஓரளவு சொல்லிவிடும்: டை ராட், முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டும் அதன் யூ-ஜாயிண்ட்டும், டயரின் பக்கச்சுவர், பாறை கிழிக்கும் பிரேக் ஹோஸ். இவற்றுக்கான மாற்றுப் பாகங்களை ஆறு பேரும் பிரித்துக்கொண்டு எடுத்துவாருங்கள். நான்கு ரேங்லர்களும் ஒரே தலைமுறையாக இருந்தால் பாதிச் சுமை குறையும். சரிசெய்ய முடியாத நிலை வந்தால் வண்டியை வழியை மறைக்காமல் ஓரம் இழுத்து, இரண்டு பேர் அதனுடன் தங்கி, மற்றவர்கள் வெளியே போய் உதவியோடு வருவது என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். யார் தங்குவது, யார் குழந்தைகளைக் கூட்டிப்போவது என்பதையெல்லாம் மலையில் களைத்த நிலையில் பேசினால் நட்பு கெடும்.

செல்ஃபோன் சிக்னலை நம்பாதீர்கள். வண்டிக்கு வண்டி பேச ஜிஎம்ஆர்எஸ் ரேடியோ வாங்குங்கள். உரிமத்துக்குத் தேர்வு கிடையாது, 35 டாலர் கட்டினால் பத்து வருடம், குடும்பம் முழுக்க அதில் அடங்கும். வெளியுலகத்துக்கு சாட்டிலைட் மெசெஞ்சர் ஒன்றாவது வேண்டும். கூட வராத ஒருவரிடம் எந்த இரவு எங்கே, எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உதவி அழைத்தாலும் வந்துசேர மணிக்கணக்காகும், ஆகவே இரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்த இரண்டு பேராவது குழுவில் இருக்க வேண்டும். குழந்தைகளைக் கடின இடங்களில் இறக்கி, ஒரு பெரியவரோடு மலையின் மேல்பக்கமாக நடக்கவிடுங்கள். அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். சமையலைச் சுருக்குங்கள், முதல் நாளுக்குப் புளியோதரை போதும். மீதி உணவைக் கரடிக்கு எட்டாதபடி மூடி வையுங்கள், அந்தப் பக்கம் கருங்கரடி நடமாட்டம் உண்டு.

இந்த வழி யாருடைய தயவால் திறந்திருக்கிறது என்பதும் உங்கள் குழுவுக்குத் தெரிய வேண்டும். 1953 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுனிலிருந்து 55 ஜீப்கள் புறப்பட்டுப் போன நாளிலிருந்து பல தலைமுறைகள் இதை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. 2009-ல் எண்ணெய்க் கசிவு, மண் அரிப்பு, மனிதக் கழிவு இவற்றால் நீர் கெடுகிறது என்று மாநிலத்தின் நீர்த்தர வாரியம் சுத்தப்படுத்தும் உத்தரவு போட்டது. வழியே மூடப்பட்டுவிடுமோ என்று பயந்த காலம் அது. அதன்பின் தன்னார்வலர்கள் எத்தனையோ வார இறுதிகளைக் கொடுத்து இதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆகவே எண்ணெய் உறிஞ்சும் பட்டைகள் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும், கசிந்தால் அதே நிமிடம் துடையுங்கள். கழிவுக்கு மூடியுள்ள கையடக்கக் கழிப்பறையும் பைகளும் எடுத்துவந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோங்கள். அடுப்பு பற்றவைக்கவே கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும், இலவசம்தான். ரூபிகான் ஸ்பிரிங்ஸ் தனியார் நிலம், அங்கே இருப்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வழி மாவட்டச் சாலை என்பதால் ஷெரிஃப் ரோந்து வருகிறார்கள், குடித்துவிட்டு ஓட்டினால் நகரத்தில் என்ன நடக்குமோ அதேதான் இங்கும்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லூன் லேக் சுமார் 6,400 அடி உயரம், பனி அதிகம் விழுந்த வருடங்களில் ஜூலை வரைகூட வழியில் பனி கிடக்கும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஜம்போரிக் கூட்டங்கள் வரும், அந்த வாரங்களில் ஒவ்வொரு பாறையிலும் காத்திருக்க நேரும். நானாக இருந்தால் ஆகஸ்ட் மூன்றாவது வாரம், அதுவும் வெள்ளி முதல் ஞாயிறு என்று வைப்பேன். காட்டுத்தீக்காக மாற்றுத் தேதி ஒன்று கையில் இருக்கட்டும். 2021-ல் கால்டார் தீயின்போது சவுத் லேக் டாஹோ நகரத்தையே காலி செய்தார்கள், மாநிலத்தின் தேசியக் காடுகள் ஏறக்குறைய எல்லாம் சுமார் இரண்டு வாரம் மூடியிருந்தன. புறப்படும் காலையில் புகை தெரிந்தால் ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலே திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆறு வண்டியும் சேர்ந்து ஹோலிஸ்டர் ஹில்ஸுக்கோ, சேக்ரமென்டோ பக்கம் பிரெய்ரி சிட்டிக்கோ போங்கள். இரண்டிலும் ஃபோர் வீல் வண்டிகளுக்கென்று தடைப் பாதை இருக்கிறது. காற்றை இறக்குங்கள், ஒவ்வொருவரும் ஒருமுறை ஸ்பாட்டராக நில்லுங்கள், வேண்டுமென்றே ஒரு வண்டியை மாட்டவைத்து வின்ச்சில் இழுத்துப் பாருங்கள். ஒரு தடையைக் கடக்க ஆறு வண்டிக்கும் சேர்த்து எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதிவையுங்கள். அந்த எண்ணையும், ஸ்போர்ட் இரண்டும் எப்படி ஏறின என்பதையும் இங்கே வந்து எழுதுங்கள். மூன்று நாளை எங்கெங்கே பிரிப்பது என்று அதை வைத்து உட்கார்ந்து பார்க்கலாம்.